திருநீறு தின்ற பிள்ளை

போன வாரம் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்து என் பேரனுக்கு ஒரு சின்ன மருந்து பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது. "வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு மில்லி. மறக்காம குடுங்க ஐயா" என்று என்னிடமும் ஒரு முறை சொன்னார். மருமகள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். டீச்சர் தெருமுனை திரும்புவதற்குள் என் மனைவி அந்த பாட்டிலை எடுத்து ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்துவிட்டாள்.

"இரும்பு மருந்து சூடுங்க. புள்ளைக்கு வயிறு கெட்டுப்போவும். நல்லாத்தானே இருக்கான்?"

நான் அப்போது பதில் சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. 36 ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் எழுத்தராக இருந்தவன் நான். அதில் ஏழு ஆண்டுகள் மருந்து இருப்புப் பதிவேடு என் மேசையில் இருந்தது. அந்த மருந்தின் கதை எனக்குத் தெரியும். அந்தக் கதையில் நான் பெருமைப்பட முடியாத ஒரு பங்கு எனக்கும் உண்டு. இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் எழுதாமல் தள்ளிப்போட்ட விஷயம் அது. இன்று எழுதிவிடுகிறேன்.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வகுப்பில் எப்போதும் தூங்கி வழியும் ஒரு பையன் இருந்தான். முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். வயதான ஆசிரியர் ஒருவர் அவனைப் பார்த்து "லெ பால் குலேர்" என்பார். 'வெளிறிய நிறங்கள்' என்று பொருள். சோகை நோய்க்கு பிரெஞ்சு நாட்டார் வைத்திருந்த பழைய பெயர் அது. அப்போது அதைப் பட்டப்பெயர் என்று நினைத்து நாங்களும் அவனை அப்படியே கூப்பிட்டுச் சிரித்தோம். பின்னால் அப்பா இறந்து, அம்மாவின் ஊரான திருவண்ணாமலைக்கு வந்து, தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, தேர்வாணையத் தேர்வும் எழுதி, 1973இல் இளநிலை உதவியாளர் ஆனேன். அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியாது.

இனி என் மகளின் கதை. அவள் பிறந்தது 1979 தை மாதம். அப்போது நாங்கள் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் ஒண்டுக்குடித்தனம். கூடத்துச் சுவரில் மாடக்குழி. அதில் கோயிலிலிருந்து வரும் திருநீறு ஒரு மரக் கிண்ணத்தில் இருக்கும். இரண்டு வயது தாண்டியதும் குழந்தை அந்தக் கிண்ணத்தைக் குறிவைக்க ஆரம்பித்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். வாயெல்லாம் வெள்ளை. என் அம்மாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அண்ணாமலையான் புள்ளடா இது. போன ஜென்மத்துல சிவனடியாரா இருந்திருக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் குழந்தையின் கையால் நெற்றியில் பூசிக்கொண்டு போனதும் உண்டு. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

குழந்தை சோறு சரியாகச் சாப்பிட மாட்டாள். பால் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிப்பாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பசும்பால் அவளுக்கென்று தனிக் கணக்கு. என் சம்பளத்தில் அது பெரிய செலவு. அதனாலேயே அதில் ஒரு பெருமை. "எம்பொண்ணு பால்லயே வளர்றா" என்று ஆபீசில் சொல்வேன். நிறம் வெளுத்துக்கொண்டே வந்ததை, "பால் குடிக்கிற புள்ள, செவப்பா வருது" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எதற்கெடுத்தாலும் சிணுங்கினாள். நடந்தால் இரண்டு வீடு தாண்டுவதற்குள் தூக்கச் சொன்னாள். செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்று நான் அதட்டினேன். ஒரு முறை அடித்தும் இருக்கிறேன்.

1981 கோடையில் காய்ச்சலுக்காக ஓர் அரசு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் காய்ச்சலைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். உள்ளங்கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மண்ணு, சுவத்துக் காரை, பல்பம் ஏதாவது திங்குதா?" என்று கேட்டார். என் மனைவி தயங்கி, "திருநீறு திங்கும் சார்" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஆறு சொச்சம். அந்த வயதில் பதினொன்றாவது இருக்க வேண்டும்.

"நீங்க எங்கப்பா வேலை பாக்குறீங்க?"

சொன்னேன்.

"என்ன சீட்டு?"

"மருந்து ஸ்டாக் சார்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அப்ப உங்க ரூம்லயே இருக்குதே மருந்து. சின்ன மாத்திரை, இருபது மில்லிகிராம். முறைப்படி சீட்டுப் போட்டு வாங்கிக்குங்க. தினம் ரெண்டு. தூள் பண்ணி எலுமிச்சைச் சாறுல வெல்லம் போட்டுக் கொடுங்க. பாலோட கொடுக்காதீங்க. பாலைப் பாதியாக் கொறைங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. என் அறையில் அந்தச் சின்ன மாத்திரைகள் பெட்டி பெட்டியாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்தப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் தினமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு அன்றுதான் வந்தது. அப்போதிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக் குறித்து வைத்தேன். பிரெஞ்சு தெரிந்தது இதற்குக் கொஞ்சம் உதவியது. ஏனென்றால் கதையின் முதல் அத்தியாயம் பிரான்சில் நடக்கிறது.

ரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கினால் அதில் இரும்பு இருப்பதை 1713இல் லெமெரி, ழோஃப்ருவா என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் காட்டினார்கள். 1740களில் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் மெங்கினி என்பவர் உலர்ந்த ரத்தத் தூள் காந்தத்தில் ஒட்டுவதைக் காட்டினார். 1832இல் தெற்கு பிரான்சில் போகேர் என்ற ஊரின் வைத்தியர் பியர் ப்லோ, வெளிறிப்போன இளம்பெண்களுக்கு இரும்பு சல்ஃபேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருட்டிய மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தினார். 'ப்லோ மாத்திரை' என்ற பெயரில் அது உலகமெங்கும் நூறாண்டுக்கு மேல் விற்றது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சித்த வைத்தியர்கள் பாண்டு என்றும் சோகை என்றும் சொல்லும் நோய்க்கு அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் மண்டூரமும் கொடுத்து வந்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் வெளிர்ப் பச்சையாக ஒரு படிகம் தருவார்கள். அதுதான் இரும்பு சல்ஃபேட். ப்லோவின் மாத்திரையில் இருந்ததும், நம் வைத்தியர் செந்தூரத்துக்கு எடுத்ததும், என் அறையில் பெட்டி பெட்டியாக இருந்ததும் அடிப்படையில் ஒரே சரக்கு. ஆக, மருந்து கண்டுபிடிக்கப்படாததால் எந்தக் குழந்தையும் வெளுத்துப்போகவில்லை.

ஆனால் ப்லோ பார்த்தது இளம்பெண்களை. கைக்குழந்தைகளின் சோகை வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் குஸ்தாவ் ஃபன் புங்கே என்ற பேராசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பாலில் இரும்பு மிகக் குறைவு. அப்படியென்றால் பாலை மட்டுமே குடிக்கும் குட்டி எப்படி வளர்கிறது? தாய் வயிற்றிலிருந்து வரும்போதே ஒரு சேமிப்பைக் கொண்டு வருகிறது என்று அவர் கண்டார். இன்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் அதுதான். நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரும். தாய்ப்பாலில் இருக்கும் கொஞ்ச இரும்பும் நன்றாக உடம்பில் சேரும். ஆறு மாதத்துக்குப் பிறகு உணவிலிருந்து வராவிட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும். தாய்க்கே ரத்தம் குறைவென்றாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ இன்னும் சீக்கிரம் தீரும். இருப்புப் பதிவேடு பார்த்தவனுக்கு இது எளிதில் புரிகிற விஷயம். தொடக்க இருப்பு இருக்கிறது, செலவு இருக்கிறது, வரவு மட்டும் இல்லை.

இதைக் குழந்தைகளிடமே நிரூபித்தவர் ஹெலன் மக்கே என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர். லண்டனின் ஏழைகள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில், ஹாக்னியில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் 1920களில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார். புட்டிப்பால் குடித்த குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு ரத்தம் குறைவதையும், பாலில் இரும்பு சேர்த்துக் கொடுத்தால் அது சரியாவதையும் காட்டினார். அவருடைய அறிக்கை 1931இல் வெளிவந்தது. அதாவது என் மகளுக்கு வந்த நோயும், அதற்குக் காரணமும், அதற்கு மருந்தும் அவள் பிறப்பதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தன.

அதே சமயத்தில் நம் பக்கத்திலும் ஒரு வேலை நடந்தது. லூசி வில்ஸ் என்ற இன்னொரு ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைப் பகுதிக் கர்ப்பிணிகள் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அது இரும்புக்குக் கட்டுப்படாத வேறு வகைச் சோகை. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில் நம் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையிலும் அவர் வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பசை அந்தப் பெண்களைக் குணப்படுத்துவதைக் கண்டார். அதில் இருந்த சத்துக்குத்தான் பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. என் பேரனின் மருந்து பாட்டிலில் இரும்புக்கு அடுத்த வரியில் அச்சிட்டிருக்கும் பெயர் அதுதான். மருமகளிடம் காட்டினேன். "குன்னூர்லயும் மெட்ராஸ்லயும் ஆராய்ச்சி பண்ண மருந்தா மாமா இது?" என்று ஆச்சரியப்பட்டாள்.

குன்னூரில் 1918இல் மக்கரிசன் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1960களில் அதன் இயக்குநராக இருந்தார். எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், தாய்ப்பால் மட்டுமே நெடுநாள் குடித்து வந்த சில குழந்தைகள் வெளிறி, சோர்ந்து, கை கால் நடுங்கிக் கிடப்பதற்குத் தாயிடமே பி12 வைட்டமின் குறைந்திருப்பது காரணம் என்று கண்டு 1962இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். குழந்தையின் வெளுப்பு எல்லாமே இரும்புக் குறைவு அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி. கொக்கிப்புழு, மலேரியா, பரம்பரை ரத்தக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் இமையைப் பார்ப்பதோடு நிற்காமல் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

1970இல் மத்திய அரசு தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 60 மில்லிகிராம் இரும்புள்ள பெரிய மாத்திரை. ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கு 20 மில்லிகிராம் இரும்பும் 0.1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள சின்ன மாத்திரை. ஆண்டுக்கு நூறு நாள், நாளுக்கு ஒன்று. நோக்கம் நல்ல நோக்கம். சரக்கும் மலிவு.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

மாதா மாதம் மேலே ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'பயனடைந்த குழந்தைகள்' என்று ஒரு கட்டம். கிராமங்களில் எந்தக் குழந்தை எத்தனை மாத்திரை சாப்பிட்டது என்ற விவரம் என் மேசைக்கு வராது. வருவது, எத்தனை மாத்திரை கொடுத்தனுப்பப்பட்டது என்ற கணக்கு மட்டும். எனவே நான் மாத்திரை எண்ணிக்கையை நூறால் வகுப்பேன். ஒரு லட்சம் மாத்திரை வெளியே போனால் ஆயிரம் குழந்தைகள் பயனடைந்தார்கள். வகுத்தால் மீதி வராமல் இருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்வேன். அறிக்கை சுத்தமாக இருக்கும். என் கையெழுத்தும் நன்றாக இருக்கும். பாராட்டும் வாங்கியிருக்கிறேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்த சுருக்குவழி அது.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி மனைவியிடம் கேட்டேன்: "நீ மாசமா இருந்தப்போ நர்ஸம்மா மாத்திரை கொடுத்தாங்களே, சாப்பிட்டியா?" அவள் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு சீயக்காய் டப்பாவை எடுத்து வந்தாள். அடியில் காகிதப் பொட்டலத்தில் அப்படியே இருந்தன. வாயில் போட்டால் குமட்டியது என்றும், மலம் கறுப்பாகப் போனதைக் கண்டு பயந்துவிட்டதாகவும் சொன்னாள். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த மருந்தைக் கணக்கெழுதும் புருஷனும் சொல்லவில்லை. ஆனால் 1978ஆம் ஆண்டுக் கணக்கில் அவளும் பயனடைந்தவள்தான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாத்திரை விழுங்கத் தெரியாது. அதைத் தூள் செய்து, கரைத்து, துப்பினால் திரும்பவும் கொடுத்து, நூறு நாள் போராட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அதற்கு நேரம் எங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தத் திட்டத்தைப் பல மாநிலங்களில் ஆராய்ந்து 1989இல் அறிக்கை வெளியிட்டபோது, எதிர்பார்த்த பலன் தெரியவில்லை என்றே சொன்னது. எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை.

குழந்தைக்கு மருந்தைச் சாறாகவே கொடுக்க வேண்டும், ஆறு மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்று அரசு கொள்கையை மாற்றியது 2007இல். திட்டம் தொடங்கி 37 ஆண்டுகள் கழித்து. 2013இல் வந்த இரும்புச்சத்துத் திட்டத்திலும், 2018இல் வந்த 'சோகையற்ற பாரதம்' திட்டத்திலும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை ஒரு மில்லி என்று ஆனது. அந்த ஒரு மில்லியில் அதே 20 மில்லிகிராம். டீச்சர் கொண்டுவந்தது அதைத்தான்.

பலன் என்ன? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் சோகை உள்ளவர்கள் 2005-06இல் 64 சதவீதம், 2015-16இல் 50.7 சதவீதம், 2019-21இல் 57.4 சதவீதம். குறைந்தது திரும்பவும் ஏறியிருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு பிசகும் என்று நிபுணர்கள் வாதிக்கிறார்கள். நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த வேறொரு தேசியக் கணக்கெடுப்பு 2016-18இல் நடந்தது. அதில் இந்தியா முழுவதும் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்குச் சோகை, 32 சதவீதம் பேருக்கு இரும்புக் குறைவு. எதை எடுத்தாலும், பத்துக் குழந்தைகள் விளையாடினால் அதில் மூன்று நான்கு பேருக்காவது ரத்தம் போதவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்து இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளுக்குச் சோறு கிடைத்த மாநிலத்தில் இந்த நிலை. வயிறு நிறைவது வேறு, ரத்தம் ஊறுவது வேறு. அரிசியில் இரும்பு குறைவு. தானியத்திலும் கீரையிலும் இருப்பதும் அப்படியே உடம்பில் சேராது. தேநீர் அதை இன்னும் தடுக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கும் டீயில் பன்னை நனைத்துக் கொடுப்பார்கள்.

என் மகளுக்கு நாங்கள் தினம் இரண்டு மாத்திரை தூள் செய்து கொடுத்தோம். பாலைக் குறைத்த முதல் வாரம் வீடு இரண்டுபட்டது. அம்மா என்னோடு பேசவில்லை. பிறகு பசி வந்தது. கேழ்வரகுக் கூழ், பாசிப்பயறு, வேர்க்கடலை, முருங்கைக்கீரைப் பொரியல், கூடவே கொஞ்சம் நெல்லிக்காய் என்று பழக்கினோம். புளிப்புப் பழங்களில் இருக்கும் சத்து இரும்பை உடம்பில் சேர்க்க உதவும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடுத்த குடித்தனத்து அக்கா வாரம் ஒரு நாள் ஆட்டுச் சுவரொட்டி சுட்டு, உப்பும் மிளகும் தடவி, தன் வீட்டிலேயே வைத்து ஊட்டிவிட்டு அனுப்புவார். எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அம்மாவுக்குத் தெரிந்தும் தெரியாதது போல இருந்துவிட்டாள். மண்ணீரலில் இருக்கும் இரும்பு, கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும் என்று இப்போது படிக்கிறேன். அந்த அக்கா எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை.

ஒரு மாதத்துக்குள் குழந்தை மாடக்குழியைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மண், சாம்பல், பல்பம், பச்சரிசி என்று உணவல்லாததைத் தேடித் தின்னும் இந்தப் பழக்கத்துக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். எதையும் கொத்தும் ஒரு பறவையின் லத்தீன் பெயர் அது. இரும்புக் குறைவில் இது அடிக்கடி வரும். ஏன் என்பதற்குத் தெளிவான விடை இன்னும் இல்லை. இரும்பு ஏறினால் போய்விடும். அம்மா மட்டும் கொஞ்ச நாள் வருத்தப்பட்டாள். "மருந்து கொடுத்துப் புள்ளையோட பக்தியக் கெடுத்துட்டாங்க" என்றாள். மூன்றாம் மாதம் ரத்த அளவு பதினொன்றைத் தொட்ட பிறகும், உடம்பில் சேமிப்பு ஏறுவதற்காக இன்னும் இரண்டு மாதம் கொடுத்தோம்.

மகள் இன்று நன்றாக இருக்கிறாள். 46 வயது, இரண்டு பிள்ளைகள். பள்ளியில் அவளுக்குக் கணக்கு மட்டும் வரவே இல்லை. அதற்காகவும் நான் அவளை அடித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆராய்ச்சி பற்றிப் படித்தேன். பெட்சி லோசோஃப் என்ற அமெரிக்க மருத்துவர், கோஸ்டாரிகா நாட்டில் குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைவு இருந்தவர்களைப் பத்தொன்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார். மருந்து கொடுத்து ரத்தம் சரியான பிறகும், அறிவுச் சோதனைகளில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் இரும்பு தேவைப்படுகிறது. என் மகளுக்குக் கணக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எனக்கும் பிரெஞ்சு வந்த அளவு கணக்கு வந்ததில்லை. ஆனாலும் அதைப் படித்த அன்று அவளுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

1981க்குப் பிறகு நான் நூறால் வகுப்பதை விட்டுவிட்டேன். 'பயனடைந்த குழந்தைகள்' கட்டத்தில் 'விவரம் பெறப்படவில்லை' என்று எழுதினேன். இரண்டு மாதம் விளக்கம் கேட்டுக் குறிப்பு வந்தது. மூன்றாம் மாதம் வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் என்ன எழுதினார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

படிக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். குழந்தை மண்ணோ சாம்பலோ தின்றால் அடிக்காதீர்கள், கொண்டாடவும் செய்யாதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்தது, இரும்பு மருந்தைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரை பூசிய மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை அள்ளித் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்று சாயங்காலம் மனைவியை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். பாதி அவளுக்கே தெரிந்த கதை. சீயக்காய் டப்பாவை நான் நினைவுபடுத்தியதும் எழுந்து போய் பாட்டிலை ஃபிரிட்ஜின் மேலிருந்து எடுத்து வந்தாள். "நீங்களே கொடுங்க. துப்பினா நீங்களே தொடைங்க" என்றாள்.

கொடுத்தேன். முகத்தைச் சுளித்து, பாதியைத் துப்பினான். துப்பியதை என் வேட்டியிலிருந்து துடைத்துவிட்டு, ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, கொடுத்தது, உள்ளே போனது என்று மூன்று கட்டம். முதல் வரியில் 'கொடுத்தது: 1 மில்லி. உள்ளே போனது: அரை' என்று எழுதினேன். நேற்று மூன்றாவது தடவை. நெல்லிக்காய்ச் சாறு கொஞ்சம் கலந்ததில் முழுசும் போயிற்று. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.